வரிப்பணமும் தனியார் பள்ளிகளும்

பொதுமக்கள் இறுத்த வரிப்பணத்தைத் தனியார் பள்ளிக்கு ஈதல் தகுமோ என்பது நம் நாட்டிற் பழைய வழக்காகும். 1854ஆம் ஆண்டில் சர் சார்லஸ் உட் விடுத்த கல்விப் பத்திரம் அதற்கு உடன்பட்டது. பள்ளியார் நல்ல உலகக் கல்வி புகட்டுதல் வேண்டும். மாணாக்கரிடம் சிறிதேனும் சம்பளம் பெறுதல் வேண்டும். சர்க்கார் பரிசோதகரை ஏற்றல் வேண்டும். ஆங்கு நிகழும் சமய போதனையைப் பரிசோதகர் கருதலாகாது என்பதும் விதி. சென்னை இராஜதானியில் இதனாற் பெரும்பயன் எய்தினோர் பாதிரிமாரே. அதனையே பலர் குறை கூறினர். யாம் காணும் குறை வேறு. முன்னரே கட்டிடமும் கைப்பொருளும் உடையார்க்கன்றோ உதவிப்பணம் எட்டும்? 1882இல் அமைந்த ஹண்டர் கமிஷனும் உயர்தரப் பள்ளிகளைத் தனியார் முயற்சிக்கே விட்டுவிடச் சொல்லிற்று. பள்ளி நிறுவும் ஆற்றலற்ற வகுப்பார் யாது செய்வர்? உப்புக்கு வரி இறாத குடிசை அந்நாளில் இல்லை. பள்ளி கண்ட சேரிகளோ மிகச் சிலவே.