வெடிபொருள் தொலைப்பெயர்ப்பு

வெடிபொருள் தொலைப்பெயர்ப்பு என்பது, விண்வெளி யுத்தத்தில் வெடிகுண்டை எறியாமலும் ஏவாமலும், தன் கப்பலில் மறையச் செய்து பகைவன் கப்பலின் உள்ளே தோன்றச் செய்வதாக விஞ்ஞானக் கதைகள் வருணிக்கும் போர் உபாயமாகும். 'டெலிபோர்ட்டேஷன்' என்ற சொல்லை 1931-இல் வழங்கியவர் அமெரிக்க எழுத்தாளர் சார்லஸ் ஃபோர்ட்.

அரணின் பலமெல்லாம் பகைவன் கடந்து வரவேண்டிய இடைவெளியில் அடங்கியிருப்பதால், அதனைத் தாண்டும் புதிய சாதனம் தோன்றும்போதெல்லாம் பழைய அரண் பயனற்றுப் போகிறது. டென்மார்க் இதனைத் தன் தலைநகரிலேயே கண்டது. 1807 செப்டம்பர் 2 முதல் 5 வரை கோபன்ஹேகனைத் தாக்கிய பிரிட்டிஷ் படையினர், மதில்களுக்கு மேலாகவே குண்டுகளையும் காங்கிரீவ் ராக்கெட்டுகளையும் நகருக்குள் பெய்தனர். கன்னி மரியாளின் பேராலயம் தீக்கிரையாயிற்று. அந்த ராக்கெட்டுகள் திப்பு சுல்தானின் மைசூர் ராக்கெட்டுகளைப் பார்த்துச் செய்யப்பட்டவை. பீரங்கிகளின் வீச்சு பின்னும் வளரவே, அவற்றை நகருக்கு எட்டாத தொலைவில் நிறுத்தும் பொருட்டு, 1888 முதல் 1892 வரை, புறநகரான புரொண்பி வழியாகச் செல்லும் வெஸ்ட்வோல்டன் என்னும் மண்ணரண் அகழியோடு எழுப்பப்பெற்றது. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வரண்மீது இன்று மக்கள் உலாவுகின்றனர்.

கற்பனை இந்த இடைவெளியையே அழித்துவிடுகிறது. 'ஸ்டார் டிரெக்: வாயேஜர்' தொடரின் 1999-ஆம் ஆண்டுக் கதையொன்றில், 'போர்க்' இனத்தாரின் கலத்துக்குள் அனுப்பப்படும் ஒரு டார்பிடோ அதனைச் சிதறடிக்கிறது. 'ஸ்டார்கேட் அட்லாண்டிஸ்' தொடரில் (2005) டேடலஸ் என்னும் கப்பல் அணுகுண்டுகளை எதிரிக் கலங்களுக்குள் பெயர்த்து வைக்க, எதிரிகள் விரைவிலேயே அதனைத் தடுக்கும் வழி கண்டுவிடுகின்றனர். தடையற்ற ஆயுதம் கதையின் போராட்டத்தையே முடித்துவிடும் ஆதலால், ஆசிரியர்கள் காப்புக் கவசத்தையோ குறுக்கீட்டு அலையையோ உடன் படைக்கின்றனர்.

மெய்யான தொலைப்பெயர்ப்பு முற்றிலும் வேறானது. 1993-இல் கோட்பாடாக முன்மொழியப்பட்ட குவாண்டம் தொலைப்பெயர்ப்பில் பொருள் நகர்வதில்லை. அதன் குவாண்டம் நிலை மட்டுமே, முன்பே அங்கிருக்கும் வேறொரு பொருளில் மீண்டும் உருவாகிறது. கோபன்ஹேகனின் நீல்ஸ் போர் ஆய்வகத்தில் யூஜின் போல்சிக் குழுவினர் 2006-இல் ஒளியின் நிலையைச் சீசியம் அணுக்கூட்டத்துக்கும், 2013-இல் அரை மீட்டர் இடைவெளியில் கண்ணாடிக் கலன்களில் இருந்த இரு சீசியம் வாயுத் திரள்களுக்கிடையிலும் பெயர்த்துக் காட்டினர். இதனை நிறைவேற்றச் சாதாரணச் செய்தியும் உடன் செல்லவேண்டியிருப்பதால், ஒளியின் வேகத்தை விஞ்சவும் இயலாது.

எனவே வெடிமருந்தின் ஓர் அணுவும் இவ்வழியாகப் பயணம் செய்ததில்லை. மதில் தாண்டி வந்த நெருப்பில் வெந்த நகரமே, இன்று இடைவெளியைக் கடக்கும் அறிவைப் பாதுகாப்பான செய்திப் போக்குவரத்துக்காக வளர்த்துவருவது மனித குலம் போற்றத்தக்க செயலாகும்.