அடுக்கும் நிழலும்: படத்தொகுப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒளிப்படம் உள்ளதை உள்ளவாறே காட்டுவது என்னும் நம்பிக்கை அக்கலை தோன்றிய காலந்தொட்டு நிலவி வந்துள்ளது. ஆயின், பல படங்களை இணைத்து ஒரு படமாக்கும் முயற்சியும் ஏறக்குறைய அத்துணைப் பழமையானதே. இன்று கணினியிற் படந்தொகுப்போர் ‘லேயர்’ என வழங்கும் அடுக்குகளும், அவற்றுக்கு நிழலும் ஒளிர்வும் ஊட்டும் விளைவுகளும் அம்முயற்சியின் அண்மைக்கால வடிவங்களாகும். இவை வெறுந் தொழில்நுட்ப வசதிகளா, அன்றிப் படத்தைச் சான்றாகக் கொள்ளும் முறையையே மாற்றியவையா என்பது வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கது.

இருட்டறைக் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழக்கிலிருந்த கொலோடியன் தகடுகள் நீல ஒளியை மிகையாக ஏற்பவை. கடலுக்குப் பொருந்துமாறு படமெடுத்தால் வானம் முற்றாக வெளிறிவிடும். இக்குறையை நீக்கவே பிரான்சிய ஒளிப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850களில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றில், கடலுக்கு ஒன்றும் வானத்துக்கு ஒன்றுமாக நெகற்றிவ் எனப்படும் எதிர்ப்படங்கள் இரண்டை ஒரே தாளில் அச்சிட்டார். 1857இல் ஓஸ்கார் ரேலண்டர் முப்பதுக்கு மேற்பட்ட எதிர்ப்படங்களை இணைத்து ‘வாழ்வின் இரு வழிகள்’ என்னும் பெரும்படத்தை ஆக்கினார். மறுவருடம் ஹென்றி பீச் ரொபின்சன், இறக்குந் தறுவாயிலுள்ள இளம்பெண் ஒருத்தியின் காட்சியை ஐந்து எதிர்ப்படங்களிலிருந்து அமைத்தார். இவ்வச்சுமுறையில் ஓரிடத்தில் நேர்ந்த பிழை முழுத்தாளையும் பயனற்றதாக்கிவிடும். இணைத்தவற்றைப் பின்னர் பிரித்தெடுத்தலும் இயலாது.

பிரித்து வைத்தல் என்னும் கருத்து கேலிச்சித்திரத் திரைப்படத் துறையிலேயே தெளிவு பெற்றது. 1914ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான ஏர்ல் ஹேர்ட் ஒளிபுகும் செலுலோயிட் தாள்களைப் பயன்படுத்தும் முறையை வகுத்தார். பின்னணி ஒருமுறை மட்டுமே வரையப்பட, அசையும் உருவங்கள் அதன்மீது வைக்கப்படும் தனித்தாள்களில் மாற்றப்பட்டன. இன்றைய அடுக்கின் நேரடி மூதாதை இத்தாளே எனலாம்.

எண்ணாக மாறிய ஒளிபுகுதன்மை

செலுலோயிட் தாளின் பண்பைக் கணினிக்குக் கொண்டுவருவதற்கு, ஒளிபுகுதன்மையை எண்ணாக்க வேண்டியிருந்தது. 1970களின் பிற்பகுதியில் நியூயோர்க் தொழில்நுட்ப நிறுவகத்தில் எட் கட்மல், அல்வி ரே ஸ்மித் ஆகிய இருவரும் இதனைச் செய்தனர். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் உரிய சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களுடன், ‘அல்பா’ என்னும் நான்காம் எண்ணையும் அவர்கள் சேர்த்தனர். ஒரு புள்ளியின் அல்பா 40 வீதமாயின், விளையும் நிறத்தில் மேற்படத்தின் பங்கு 40, கீழ்ப்படத்தின் பங்கு 60 ஆகும். லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த தோமஸ் போர்ட்டரும் டொம் டஃபும் 1984இல் வெளியிட்ட கட்டுரை, படங்களை இணைக்கும் இத்தகைய கணக்குகளை ஒழுங்குபட்ட இயற்கணிதமாக வகுத்தளித்தது.

1987இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவராயிருந்த தோமஸ் நோல் எழுதத் தொடங்கிய நிரல், அவர் சகோதரர் ஜோன் நோலின் துணையுடன் வளர்ந்து, 1990இல் அடோபி நிறுவனத்தின் போட்டோஷொப் ஆக வெளிவந்தது. அதன் தொடக்கப் பதிப்புகளில் ஒரு படத்தின்மேல் ஒட்டிய பகுதி, தெரிவு நீங்கியதும் கீழ்ப்படத்துடன் கலந்துவிடும். 1994இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பே அடுக்குகளை வழங்கியது. எனினும் ஓர் எழுத்துக்கு நிழலிட வேண்டின், அதன் வடிவத்தைப் பிறிதோர் அடுக்கிற் கருமையாக நிரப்பி, மங்கச்செய்து, சற்றே நகர்த்தி, அடர்த்தியைக் குறைத்தல் வேண்டும். எழுத்து மாறினால் இவ்வேலை முழுவதையும் மீண்டும் செய்ய நேரும்.

1998இல் வந்த ஐந்தாம் பதிப்பின் அடுக்கு விளைவுகள் இந்நிலையை மாற்றின. வீழ்நிழல், ஒளிர்வு, புடைப்பு ஆகியன தீட்டப்படும் புள்ளிகளாகவன்றி, அடுக்குடன் இணைந்த விதிகளாக அமைந்தன. தூரம், கோணம், மங்கல், அடர்த்தி என்னும் அளவுகளை எப்போதும் மாற்றலாம். அடுக்கின் வடிவம் மாறினால் நிழலும் மாறும். விதியை நீக்கினால் அடுக்கு பழுதின்றி முன்போலவே நிற்கும். அவ்வாண்டிலேயே முதலாம் பதிப்பாக வெளிவந்த கிம்ப் என்னும் கட்டற்ற மென்பொருளும் அடுக்குகளைக் கொண்டிருந்தமையால், விலைகொடுக்க இயலாத மாணவர்க்கும் இம்முறை எட்டியது.

சான்றும் அதன் அடுக்குகளும்

படங்கள் பொய்யுரைப்பதற்கு இம்மென்பொருள்களே காரணம் எனக் கூறுவாருளர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. மொஸ்கோ கால்வாயருகே ஸ்டாலினுடன் நின்ற நிக்கொலாய் யெசோவ், 1940இல் கொல்லப்பட்டபின் அப்படத்தினின்றும் அகற்றப்பட்டார். அதனைச் செய்தது கணினியன்று, கைத்திறனே. நஷனல் ஜியோகிரஃபிக் சஞ்சிகை 1982 பெப்ரவரி இதழின் அட்டைக்காகக் கீசாப் பிரமிட்டுகளைக் கணினிமூலம் நெருங்கச் செய்தமையும் போட்டோஷொப்புக்கு எட்டாண்டுகள் முந்தியதாகும்.

அவ்வாறாயின் மாறியது யாது? முன்னைய முறைகளில் திருத்தம் தனது படிகளைத் தானே அழித்தது. யெசோவ் பற்றிய பொய் வெளிப்பட்டமைக்கு மூலப்படம் வேறோரிடத்திற் பிழைத்திருந்தமையே காரணம். அடுக்குமுறையிலோ மூலப்படம் அடியில் அப்படியே இருக்க, மாற்றங்கள் யாவும் அதன்மேற் தனித்தனியே பதிவாகலாம். ஆயின் வாசகன் கையிற் சேரும் படம் அதுவன்று. ஜேபெக் போன்ற கோப்பு வடிவங்கள் அடுக்குகளைத் தாங்குவதில்லை. வெளியிடும்போது அவையனைத்தும் ஒரே தளமாக ஒடுங்குகின்றன. இவ்வாறு, படத்தின் வரலாறு ஆக்கியோனிடம் தங்க, அதன் மேற்பரப்பு மட்டுமே பொதுமக்களை அடைகிறது.

அடுக்குகளையுடைய கோப்பும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. அதனையும் பிற்காலத்திற் புனைந்து சேர்க்கலாம். ஆயினும் சுவடியின் பாடபேதங்களை ஒப்புநோக்குபவன் ஒரு பிரதியை மட்டும் நம்பாமைபோல, படத்தைச் சான்றாகக் கொள்பவனும் அதன் தட்டையான வடிவத்தை மட்டும் நம்புதல் தகாது. பத்திரிகை அலுவலகங்களும் ஆவணக்காப்பகங்களும் அச்சிட்ட படத்தோடு மூலப்படத்தையும் அடுக்குக் கோப்பையும் பேணுதல் அவசியமாகும். மாற்றத்தைப் பிரித்துக் காட்டவல்ல கருவி கைவந்த காலத்தில், மாற்றம் மறைக்கப்படுமாயின் அது கருவியின் குறையன்று, பேணாதோர் குறையே.