குடியும் குடிலும்

தமிழில் ‘குடி’ என்னும் சொல் வீட்டைக் குறிக்கும். அவ்வீட்டில் வாழும் குடும்பத்தைக் குறிக்கும். அக்குடும்பம் வழிவழியாக வந்த மரபையும் குறிக்கும். உறைவிடத்தையும் உறைவோரையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், அவ்விரண்டையும் வேறு வேறாகக் கருதினாரல்லர். கடல் கடந்து இத்தீவுகளில் குடியேறிய நமக்கு, அச்சொல்லின் முழுப்பொருளை உணர்த்த வல்லது நிக்கோபார் மக்களுடைய பழைய வீட்டின் வரலாறு.

நிக்கோபார் தமிழர்க்குப் புதிய நாடன்று. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, கடாரப் படையெடுப்பில் வென்ற இடங்களுள் ஒன்றாக ‘மாநக்கவார’த்தைக் குறிப்பிடுகின்றது. 1756-இல் டென்மார்க்கு நாட்டார் நம் தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறி வந்து இங்கே குடியேற முயன்றனர். காய்ச்சல் அவர்களுள் பலரைக் கொண்டது. மீண்டும் மீண்டும் முயன்றும் வேரூன்ற இயலாமல், 1868-இல் தம் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்று நீங்கினர். வந்தவர் நிலைக்க முடியாத அம்மண்ணில் அங்குள்ள மக்கள் எங்ஙனம் நிலைத்தனர்? அவர்தம் வீட்டை நோக்கினால் விடையின் ஒரு பகுதி கிடைக்கும்.

கார் நிக்கோபாரின் பழைய வீடு தேன்கூடு போல வட்டமாய்க் கவிந்திருக்கும். தடித்த மரத்தூண்களின்மேல் ஆளுயரத்தில் தளம். அதன்மேல் புல் வேய்ந்த கூரை. தளத்தில் விட்ட திறப்பின் வழியே ஏணியால் ஏறி உள்ளே செல்ல வேண்டும். ஆணி வேண்டுவதில்லை, பிரம்பே மரங்களைப் பிணைக்கும். மழைக்காலத்து ஈரம் தளத்தை எட்டாது. கடற்காற்று வீட்டின் அடியிற் புகுந்து வெளியேறும். வெயில் வேளையில் அந்நிழலே திண்ணை. தேங்காய் குவிக்கும் களமும் அதுவே. சமையலுக்குரிய மண்பானைகள் சௌரா தீவிலிருந்து வந்தன. அங்குள்ள மகளிர் வனைந்த பானைகளே பிற தீவுகளின் அடுப்புகளிலும் ஏறின.

இவ்வீட்டைத் தாங்கியது தூண் மட்டுமன்று. ‘துஹெத்’ எனப்படும் பெரிய கூட்டுக்குடும்பம் நிலத்தையும் தென்னையையும் பன்றிகளையும் பொதுவில் வைத்து ஆண்டது. கூரை மாற்றுவதும் தோட்டம் இடுவதும் விருந்து நடத்துவதும் கூடிச் செய்யும் வேலைகள். ஆதலின் வீடு கட்டும் கலை, தனியே கற்பிப்பார் இன்றியே, இளையோர் கைகளுக்கு இறங்கி வந்தது.

பழங்குடியினரைக் காக்கும் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையால், நாம் விரும்பியபோதெல்லாம் கார் நிக்கோபார் செல்ல இயலாது, அது முறையே. 2024 வரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்து மானிடவியல் அருங்காட்சியகத்தில் அம்மக்களின் வாழ்க்கைப் பொருள்களை நாம் காணலாம்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, கடலோர ஊர்களை வீடும் தோப்புமாக வாரிச் சென்றது. எஞ்சியோர் மேட்டுநிலங்களுக்கு ஏறினர். முதலில் தகரக் கொட்டகைகளும், பின்னர் அரசு கட்டிய நிலையான வீடுகளும் எழுந்தன. மழைக்கு ஒதுங்க இடமின்றி நின்றோர்க்கு அவை பேருதவியே. ஆயினும் ஒவ்வொரு சிறு குடும்பத்துக்கும் தனி வீடு, தனி உதவித்தொகை என வகுத்தபோது, ஒரே கூரையின்கீழ்ப் பொதுவில் உண்ட துஹெத் தளரத் தொடங்கிற்று. அலை கொண்டு போனது குடிலை. குடியைத் தளர்த்தியது அதற்குப் பின் வந்த பங்கீடு.

இத்துன்பம் தமிழர்க்குத் தெரியாததன்று. 1964-ஆம் ஆண்டு சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியோருள் சிலர் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். இலங்கை மலைநாட்டில் அவர்களின் மூதாதையர் வாழ்ந்தவை ‘லயன்’ என்னும் வரிசை அறைகள். ஓர் அறை, ஒரு குடும்பம். முற்றம் இல்லை, களம் இல்லை, குதிர் வைக்க மூலையும் இல்லை. ஊரில் விட்டு வந்த வீட்டின் பெயர்கள் அங்கேயே பாதி மறைந்தன. ஆழிப்பேரலையில் பேரிழப்புற்ற தீவுகளுள் கச்சாலும் ஒன்று. நிக்கோபாரியரும் தமிழரும் அங்கே ஒரே துயரைச் சுமந்தனர்.

தாயகம் செல்லுங்கால், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவையும் நம் குடும்பங்கள் காணல் நன்று. அழியவிருந்த பழைய வீடுகளைக் கல்லும் மரமுமாகப் பிரித்துக் கொணர்ந்து அங்கே மீண்டும் எழுப்பியுள்ளனர். தஞ்சை உழவர் வீடொன்றும் அவற்றுள் உண்டு. அதன் முன் நின்றபோது நம்முடன் வந்த முதியோர் வாய் ஓயவில்லை: திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம், பத்தாயம், உரல் என ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே வந்தனர். தீவிற் பிறந்த பிள்ளைகளுக்கோ அவற்றுட் பல புதுச்சொற்கள். வீட்டை அறக்கட்டளை காத்தது. அச்சொற்களையும், அறுவடை நாளில் அம்முற்றத்தில் யார் எங்கே நின்றனர் என்ற நினைவையும் காப்பவர் நம் வீட்டுப் பெரியவர்களே.

அவர்கள் உள்ளபோதே செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. இவ்வாண்டு ஒவ்வொரு குடும்பமும், தம்முள் மூத்தவர் பிறந்த வீட்டின் அமைப்பை அவர் சொல்லச் சொல்லத் தாளில் வரைந்து, அறைதோறும் அதன் பெயரையும், அங்கே நடந்த வேலையையும், செய்தவரின் உறவுமுறையையும் எழுதிச் சங்கத்தில் சேர்க்குமாக. லயன் அறையில் பிறந்தவர் அதனையே வரையட்டும். தகரக் கொட்டகையில் வளர்ந்தவரும் அவ்வாறே. அத்தாள்கள் ஒருங்கு சேருமாயின், இத்தீவுத் தமிழ்க்குடியின் வரலாற்றுக்கு அவை முதல் ஏடாகும்.