எண்ணூர் கழிமுக மீனவர் போராட்டம்

சென்னைக்கு வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகத்தைக் காக்க, மீனவர்களும் இருளர்களும் பல்லாண்டுகளாக நடத்திவரும் சுற்றுச்சூழல், வாழ்வுரிமைப் போராட்டம். முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் முதலிய ஊர்கள் இதில் முன்நின்றன.

உழவருக்கு வயல் எப்படியோ இவர்களுக்குக் கழி அப்படி. ‘பாடு’ எனப்படும் வழக்கப்படி ஊர்கள் முறைவைத்து வலை போடும். இருளர் பெண்கள் சேற்றைக் கையால் துழாவியே இறால் பிடிப்பார்கள். தலைமுறைகளாக வந்த இந்த உரிமைக்குப் பட்டா இல்லை. ஆலைகளுக்கு இடம் தேடியவர்கள் கழியைக் காலி நிலமாகவே பார்த்தார்கள்.

1960களில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் அமையத் தொடங்கின. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர் துறைமுகம், அதன்பின் வல்லூர் மின்நிலையம் என வரிசை நீண்டது. வடசென்னை நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் நீரில் கரைக்கப்பட்டு, ஆற்றைக் கடக்கும் குழாய்களில் செப்பாக்கம் சாம்பல் குட்டைக்குப் போனது. குழாய்கள் அடிக்கடி உடைந்தன. கொட்டிய சாம்பல் ஆற்றின் அடியிலும் பக்கிங்காம் கால்வாயிலும் படிந்து இறுகியது. ஆள் மூழ்கும் ஆழமிருந்த இடங்களில் படகு தரைதட்டுவதாக மீனவர்கள் சொன்னபோது, நெடுங்காலம் யாரும் காதுகொடுக்கவில்லை. 2016இல் காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தார். சாந்த ஷீலா நாயர் தலைமையிலான வல்லுநர் குழு ஆய்ந்து, 2022இல் தீர்ப்பு வந்தது. சாம்பல் மாசுக்கு மின்வாரியம் பொறுப்பாக்கப்பட்டது. தண்ணீரில் நின்று தொழில் செய்தவர்களின் சாட்சியமே இந்த வழக்கின் வேர்.

வரைபடம் குறித்த சண்டை வேறுவகையானது. 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மேலாண்மை வரைபடம், கழிமுகத்தின் ஏறத்தாழ 6,500 ஏக்கரைக் கட்டுமானம் கூடாத பகுதியாகக் காட்டியது. பின்னர் வேறொரு வரைபடம் வெளிப்பட்டது. அதில் கழிமுகமே இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே ஆவணங்களைப் பெற்ற செயற்பாட்டாளர்கள், ஆக்கிரமிப்புக்கு வசதியாகக் கழிமுகம் வரைபடத்திலிருந்து அழிக்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டினர். 2017இல் கபேர் வாசுகி எழுதி கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ கழிமுகத்தின் நிலையைச் சபாக்களுக்குப் போகிறவர்களிடமும் கொண்டுசேர்த்தது. கலைஞர் ஒருவர் போராட்டத்துக்குச் செய்யக்கூடிய உருப்படியான உதவி அது.

அதே ஆண்டு சனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. அது வாளியால் அள்ளப்பட்டது. இன்னொரு பக்கம், காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காடு மீனவர்களும் எதிர்த்தனர். 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய்க் கசடு வந்து படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் அப்பியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது; பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத்திணறி இருட்டில் ஓடினார்கள். ஆலையை நிரந்தரமாக மூடக் கோரி அதன் வாயிலில் பெண்கள் உட்கார்ந்த போராட்டம் பல நாள் நீடித்தது. கசிவுக்குப் பின் மூடப்பட்டிருந்த ஆலை 2024இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது.