நாந்த்: பச்சைக் கோட்டை விட்டு ஒரு நடை

பிரான்ஸின் மேற்கே, லுவார் ஆறு கடலில் கலப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஊர் நாந்த். பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூட. நம்ம ஆட்கள் பிரான்ஸ் போனால் பாரிஸ், லூர்து மாதா கோயில் என்று முடித்துவிட்டு வந்துவிடுவார்கள். நாந்த் யார் பட்டியலிலும் வராது.

எனக்குக் கிடைத்தது ஒரு பகல். கைடு வைத்துக்கொள்ளவில்லை. இந்த ஊரில் தேவையும் இல்லை. தரையிலேயே பச்சைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஊரின் முக்கியமான இடங்கள் வந்துவிடும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பாதியில் கோட்டை விட்டுவிட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் பிரிட்டனி கோமகன்களின் கோட்டை. அகழி, தடித்த மதில், உள்ளே வெள்ளைக்கல் அரண்மனை. இரண்டு பிரெஞ்சு அரசர்களை அடுத்தடுத்து மணந்த ஆன் 1477-இல் பிறந்தது இங்கேதான். 1598-இல் நான்காம் ஹென்றி புராட்டஸ்டன்ட்டுகளுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்த சாசனத்துக்கும் இந்த ஊர்ப் பெயர்தான். பதினான்காம் லூயி அதை 1685-இல் ரத்து செய்தான். அதே 1685-இல்தான் காலனிகளின் அடிமைகளைப் பற்றிய ‘கருப்புச் சட்டம்’ வந்தது. ஒரே ராஜா, ஒரே வருஷம். இந்த வருஷத்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

கோட்டைக்குள் இப்போது ஊரின் வரலாற்று அருங்காட்சியகம். அதில் ‘மரி செராஃபிக்’ என்ற கப்பலின் வாட்டர்கலர் படம் இருக்கிறது. 1770 வாக்கில் நாந்திலிருந்து அங்கோலாவுக்குப் போன அடிமைக் கப்பல். கப்பலைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். அடித்தட்டில் தண்ணீர்ப் பீப்பாய்கள், அதற்கு மேல் வரிசையாகப் படுக்க வைத்த மனிதர்கள். அந்தப் பயணத்தில் ஏற்றியது 307 பேர். இதே கப்பலின் இன்னொரு படம், இன்றைய ஹைட்டியில் சரக்கு விற்பனை தொடங்கிய நாளைக் காட்டுகிறது. தளத்தின் ஒரு பக்கம் விற்பனைக்கு வந்தவர்கள், தடுப்புக்கு இந்தப் பக்கம் நல்ல உடையில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் விருந்து சாப்பிடுகின்றன. இதை ஒளித்து வரைய வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை. அந்தப் படத்தின் முன்னால்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

வெளியே வந்து, பூஃபே பகுதியின் பழைய சந்துகளைத் தாண்டினால் ஃபெய்தோ தீவு. தீவு என்று பேர், தண்ணீர் கிடையாது. சுற்றியிருந்த ஆற்றுக் கிளைகளை இருபதாம் நூற்றாண்டில் மண் போட்டு மூடிவிட்டார்கள். ஜூல்ஸ் வெர்ன் 1828-இல் பிறந்த இடம் இது. அதற்கு நூறு வருஷம் முன்பே கப்பல் முதலாளிகள் இங்கே வரிசையாக மாளிகைகள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அடியில் மணல் திட்டு என்பதால் சில கட்டடங்கள் நன்றாகவே சாய்ந்து நிற்கின்றன. ஜன்னல்களுக்கு மேலே கல்லில் செதுக்கிய முகங்கள்: கடல் தேவன், தாடிக்காரன், கொள்ளைக்காரன், நடுநடுவே ஆப்பிரிக்க முகங்கள். மேலே பார்த்துக்கொண்டு நடங்கள். காலடியிலும் கொஞ்சம் கண் இருக்கட்டும், டிராம் வரும்.

இங்கேதான் பச்சைக் கோட்டை விட்டேன். நேராக மேற்கே ஃபோஸ் படித்துறைக்கு நடந்தேன்.

பிரான்ஸின் அடிமைக் கப்பல் பயணங்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் நாந்திலிருந்து கிளம்பியவை. எண்ணிக்கையில் 1,700க்கும் மேல். அவை ஏற்றிப்போன ஆப்பிரிக்கர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். அவர்களை வாங்க என்ன கொடுத்தார்கள்? துப்பாக்கி, சாராயம், பாசிமணி என்றுதான் நாம் படித்திருப்போம். சரக்கின் மதிப்பில் பெரும்பாலும் பாதிக்கு மேல் துணி. அதிலும் ஆப்பிரிக்க வியாபாரிகள் கேட்டது இந்தியப் பருத்தி. சாயம் போகாது, அவர்கள் தடவிப் பார்த்துத்தான் வாங்குவார்கள், ஐரோப்பியப் போலியைக் கண்டால் தள்ளிவிடுவார்கள்.

அவுரியில் முக்கிய நீலத் துணி ஒன்று புதுச்சேரியிலிருந்து போனது. அதன் பெயர் ‘கினே’, அதாவது கினி நாட்டுத் துணி. பெயரிலேயே விலாசம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி (பிரெஞ்சுக் கம்பெனியைச் சொல்கிறேன்) தன் இந்தியச் சரக்கை 1730-களின் தொடக்கம் வரை நாந்தில்தான் ஏலம் விட்டது, பிறகுதான் லோரியானுக்கு மாற்றியது. 1686 முதல் 1759 வரை அச்சடித்த இந்தியத் துணியை பிரான்ஸில் விற்கவும் உடுத்தவும் தடை இருந்தது. ஆனால் மறு ஏற்றுமதிக்குத் தடை இல்லை. பாரிஸில் கட்டினால் குற்றம், ஆப்பிரிக்காவுக்கு ஏற்றினால் வியாபாரம்!

அந்த 1685 இங்கே திரும்பி வருகிறது. சாசனம் ரத்தானதும் புராட்டஸ்டன்ட்டுகள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். சுவிட்சர்லாந்தில் துணி அச்சடிக்கும் தொழில் வளர்ந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு. 1759-இல் தடை நீங்கியதும் சுவிஸ் அச்சுத் தொழிலாளிகளும் முதலாளிகளும் நாந்துக்கு வந்து பட்டறை போட்டார்கள். அவர்கள் அடித்த ‘இந்தியத் துணி’யில் கணிசமான பங்கு அடிமைக் கப்பல்களுக்குத்தான் போனது. வழிபாட்டுக்காகத் துரத்தப்பட்டவர்களின் தொழில், விலங்கு பூட்டப்பட்டவர்களின் விலையாகத் திரும்பி வந்தது.

சோழமண்டலக் கரைத் துணி உலகமெல்லாம் போனது என்று நானே பலமுறை பெருமையாக எழுதியிருக்கிறேன். எங்கே போனது, எதற்கு மாற்றாகப் போனது என்று கேட்டதில்லை. தறியில் உட்கார்ந்தவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவர் மேல் பழி போட நான் தயாரில்லை. ஆனால் அந்தப் பெருமையை இனி அப்படியே எழுத முடியாது.

படித்துறையில் நினைவிடம் 2012-இல் திறந்தது. மேலே நடைபாதையில் 2,000 கண்ணாடிப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். 1,710-இல் கப்பல் பெயரும் கிளம்பிய தேதியும், மீதி 290-இல் துறைமுகங்களின் பெயர்கள். கப்பல்களுக்கு எவ்வளவு அழகான பெயர்கள்! படியிறங்கினால் ஆற்றை ஒட்டி நீண்ட தாழ்வாரம், பலகைச் சந்து வழியாகத் தண்ணீர் அலம்பும் சத்தம். அனுமதி இலவசம்.

ஊர் இதைச் சுலபமாகச் செய்துவிடவில்லை. 1985-இல் கருப்புச் சட்டத்தின் முந்நூறாம் ஆண்டை நினைவுகூர நடந்த முயற்சிக்கு நகராட்சி கைகொடுக்கவில்லை. 1992-இல்தான் கோட்டைக்குள் முதல் பெரிய கண்காட்சி. 1998-இல் இதே படித்துறையில், அடிமை முறை ஒழிந்த நூற்றைம்பதாம் ஆண்டுக்காக ஒரு மாணவி செய்த சிலையை வைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் ராத்திரியில் யாரோ உடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நிரந்தர நினைவிடம் கட்டும் முடிவு வந்தது.

நடக்க நினைப்பவர்களுக்கு: கோட்டையிலிருந்து நினைவிடம் சுமார் இரண்டு கிலோமீட்டர், மேடு கிடையாது. அருங்காட்சியகத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். திரும்ப ஒன்றாம் எண் டிராம் ஸ்டேஷனுக்கே போகிறது. இன்னொரு நாள் கையில் இருந்தால் லோரியானுக்கு எதிரே போர்-லூயி கோட்டையில் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது, இந்தியத் துணிகளை அங்கே நேரில் பார்க்கலாம். எனக்கு அந்த நாள் இல்லை. டிராமுக்குக் காத்திருந்தபோது ஒரு பெரியவர் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தக் கண்ணாடிப் பட்டைகளின் மேல் நடந்து போனார். ஒன்றின் முன்னால் நாய் நின்றது, அவரும் நின்று குனிந்து அதைப் படித்தார்.