சஞ்சு சாம்சன்: சொந்த ஊரில் ஓயாத அணித் தேர்வு விவாதம் – 10 ஆண்டு பின்னணி

திருவனந்தபுரம்: இந்தியா – நியூசிலாந்து அணிகளுக்கு இடையிலான 5-ஆவது டி20 கிரிக்கெட் ஆட்டம் ஜனவரி 31-ஆம் தேதி திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் நடைபெற உள்ளது. டி20 உலகக் கோப்பைக்கு முன்பாக இந்திய அணி விளையாடும் கடைசி இருதரப்பு ஆட்டம் இது. ஆனால் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய கிழக்கேகோட்டையில் பேருந்துக்குக் காத்திருப்போரிடமும், எதிரே சாலை பஜாரின் கடைவீதியிலும் நிலவும் எதிர்பார்ப்பு வேறு. சஞ்சு சாம்சன் களமிறங்குவாரா என்பதுதான் அது.

மலையாளமும் தமிழும் கலந்து ஒலிக்கும் இப்பகுதியில் இந்தக் கேள்விக்கு வயது 10 ஆண்டுகளுக்கும் மேல். விழிஞ்ஞம், பூவாறு செல்லும் பேருந்துகள் புறப்படும் கிழக்கேகோட்டையில் இருந்து அதே கடற்கரைப் பாதையில் தெற்கே சென்றால் சஞ்சுவின் ஊரான புல்லுவிளை வந்துவிடும். வடக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் காரியவட்டம் மைதானம் உள்ளது. அந்த மைதானத்தில் இதுவரை ஆடவர் அணி விளையாடிய 6 சர்வதேச ஆட்டங்களில் ஒன்றில்கூட சஞ்சு இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆறு ஆட்டங்கள், ஆறு முறையும் வெளியே

2015-ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது கிரீன்ஃபீல்டு மைதானம். அங்கு முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டம் 2017 நவம்பர் 7-இல் நியூசிலாந்துக்கு எதிராக நடந்தது. மழையால் 8 ஓவர்களாகக் குறைக்கப்பட்ட அந்த ஆட்டத்தில் இந்தியா 6 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது. 2018 நவம்பர் 1-இல் நடந்த ஒருநாள் ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகள் 104 ரன்களுக்குச் சுருண்டது. இவ்விரு முறையும் சஞ்சு அணியிலேயே இல்லை.

மூன்றாவது ஆட்டம்தான் விவாதத்தைத் தெருவுக்குக் கொண்டு வந்தது. 2019 டிசம்பர் 8-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டி20 ஆட்டத்தின்போது, காயமடைந்த ஷிகர் தவனுக்கு மாற்றாக சஞ்சு அணியில் சேர்க்கப்பட்டிருந்தார். சொந்த ஊர் ஆட்டத்தில் வாய்ப்புக் கிடைக்கும் என ரசிகர்கள் திரண்டனர். ஆனால் களமிறங்கிய 11 பேரில் அவர் பெயர் இல்லை. விக்கெட் கீப்பர் ரிஷப் பந்த் தடுமாறியபோது அரங்கில் சஞ்சுவின் பெயர் முழங்கியது. அப்போதைய கேப்டன் விராட் கோலி கூட்டத்தை நோக்கிச் சைகை காட்டித் தமது அதிருப்தியை வெளிப்படுத்தினார். சொந்த அணியின் வீரர் ஒருவரைச் சொந்த ரசிகர்களே கேலி செய்வது முறையா என்ற எதிர்க்கேள்வியும் அன்றே எழுந்தது. அது நியாயமான கேள்விதான். அந்த ஆட்டத்தில் மேற்கிந்தியத் தீவுகள் 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது.

2022 செப்டம்பர் 28-இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டி20 ஆட்டம் நடந்தபோது நிலைமை இன்னும் சூடாக இருந்தது. அதற்கு இரு வாரங்களுக்கு முன்பு அறிவிக்கப்பட்ட டி20 உலகக் கோப்பை அணியில் சஞ்சுவுக்கு இடம் தரப்படவில்லை. திருவனந்தபுரம் வந்திறங்கிய அணியை 'சஞ்சு, சஞ்சு' என்ற முழக்கம் வரவேற்றது. பேருந்துக்குள் இருந்த சூர்யகுமார் யாதவ் தமது கைபேசியில் சஞ்சுவின் படத்தைக் காட்டி ரசிகர்களைச் சிரிக்க வைத்த காணொலி அப்போது பரவலாகப் பகிரப்பட்டது. அதே நாள்களில் சஞ்சு சென்னை சேப்பாக்கத்தில் நியூசிலாந்து 'ஏ' அணிக்கு எதிராக இந்தியா 'ஏ' அணியை வழிநடத்தி, 3-0 என்ற கணக்கில் தொடரை வென்று கொடுத்தார்.

2023 ஜனவரி 15-இல் இலங்கையை 317 ரன்கள் வித்தியாசத்தில் இந்தியா வீழ்த்திய ஒருநாள் ஆட்டத்திலும், அதே ஆண்டு நவம்பர் 26-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டி20 ஆட்டத்திலும் அவர் இல்லை.

உள்ளூர் ரசிகர்கள் அவரது ஆட்டத்தை அங்கே பார்த்ததே இல்லை என்று பொருளல்ல. 2019 செப்டம்பரில் தென்னாப்பிரிக்கா 'ஏ' அணிக்கு எதிராக இதே மைதானத்தில் அவர் 48 பந்துகளில் 91 ரன்கள் குவித்தார். அந்தப் போட்டிக்கான ஊதியத்தை மைதானப் பணியாளர்களுக்கே வழங்கினார். 2025 ஆகஸ்டில் கேரள கிரிக்கெட் லீக் தொடரில் கொச்சி புளூ டைகர்ஸ் அணிக்காக 51 பந்துகளில் 121 ரன்கள் விளாசினார். அவர் இங்கு அணியாதது இந்திய சீருடை மட்டுமே.

முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே 73 ஆட்டங்கள்

1994 நவம்பர் 11-இல் பிறந்த சஞ்சுவின் தந்தை டெல்லி காவல் துறையில் பணியாற்றியவர். சந்தோஷ் டிராபி கால்பந்துப் போட்டியில் டெல்லிக்காக விளையாடியவர். குடும்பம் கேரளம் திரும்பிய பிறகு, திருவனந்தபுரத்தில் பயிற்சியாளர் பிஜு ஜார்ஜிடம் சஞ்சு பயிற்சி பெற்றார். 2011 நவம்பரில், 17 வயது நிறைவடையும் முன்பே, கேரள அணிக்காக முதல்தர கிரிக்கெட்டில் அறிமுகமானார். 2013 ஐபிஎல் தொடரில் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்காக விளையாடி வளர்ந்து வரும் வீரருக்கான விருதைப் பெற்றார்.

2015 ஜூலை 19-இல் ஜிம்பாப்வேக்கு எதிராக ஹராரேயில் முதல் டி20 சர்வதேச ஆட்டத்தில் விளையாடி 19 ரன்கள் எடுத்தார். இரண்டாவது ஆட்டம் 2020 ஜனவரி 10-இல் புணேயில் இலங்கைக்கு எதிராகத்தான் கிடைத்தது. இடைப்பட்ட நாலரை ஆண்டுகளில் இந்தியா 73 டி20 ஆட்டங்களை விளையாடி முடித்திருந்தது. புணேயில் சந்தித்த முதல் பந்தை சிக்ஸருக்கு அனுப்பினார். இரண்டாவது பந்தில் ஆட்டமிழந்தார். ஆதரவாளர்களும் விமர்சகர்களும் இன்றுவரை முன்வைக்கும் இரு வாதங்களையும் அந்த இரண்டு பந்துகளே சொல்லிவிட்டன எனலாம்.

விமர்சகர்கள் சொல்வது என்ன?

புறக்கணிப்பு என்ற ஒற்றைச் சொல்லால் மட்டும் இந்த விவகாரத்தை விளக்கிவிட முடியாது. 2023 முடிய விளையாடிய 24 டி20 ஆட்டங்களில் சஞ்சு எடுத்தது 374 ரன்கள். சராசரி 20-ஐ எட்டவில்லை. 2024 ஜூலையில் இலங்கைத் தொடரில் அடுத்தடுத்து இரு முறை ரன் ஏதும் எடுக்காமல் வெளியேறினார்.

பின்னர் நடந்தது யாரும் எதிர்பாராதது. 2024 அக்டோபர் 12-இல் ஹைதராபாதில் வங்கதேசத்துக்கு எதிராக தொடக்க வீரராகக் களமிறங்கி 47 பந்துகளில் 111 ரன்கள் எடுத்தார். அடுத்த ஆட்டத்திலேயே, நவம்பர் 8-இல் டர்பனில் 107 ரன்கள். டி20 சர்வதேச ஆட்டங்களில் தொடர்ந்து இரு சதங்கள் அடித்த முதல் இந்தியர் ஆனார். அடுத்த இரு ஆட்டங்களில் மீண்டும் பூஜ்ஜியம். நவம்பர் 15-இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஆட்டமிழக்காமல் 109. ஒரே ஆண்டில் மூன்று சதங்களும் தொடர் பூஜ்ஜியங்களும் சேர்ந்த இப்படியொரு கணக்கு எந்தத் தேர்வாளரையும் குழப்பும்.

2025 தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிரான 5 ஆட்டங்களில் மொத்தம் 51 ரன்கள் மட்டுமே கிடைத்தன. வேகமாக எழும்பி வரும் பந்துகளுக்கு அவர் மீண்டும் மீண்டும் இரையானதை விமர்சகர்கள் சுட்டிக்காட்டினர். கடைசி ஆட்டத்தில் விரலில் எலும்பு முறிவும் ஏற்பட்டது.

ஒருநாள் ஆட்டங்களில் கணக்கு வேறு விதமாக உள்ளது. 16 ஆட்டங்களில் 510 ரன்கள், சராசரி 56-க்கும் மேல். 2023 டிசம்பர் 21-இல் தென்னாப்பிரிக்காவின் பார்ல் நகரில் 108 ரன்கள் எடுத்தார். தொடரின் முடிவைத் தீர்மானித்த அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஒருநாள் அணியில் அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆதரவாளர்களின் வாதத்தில் மிக வலுவான பகுதி இதுவே.

தேர்வு எப்படி நடக்கிறது?

ரசிகர்களின் விவாதத்தில் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பிக் கொள்ளப்படுபவை இரு வேறு முடிவுகள். 15 பேர் கொண்ட அணியைத் தேர்ந்தெடுப்பது பிசிசிஐ-யின் 5 பேர் கொண்ட தேர்வுக் குழு. 2023 ஜூலை முதல் அஜித் அகர்கர் அதன் தலைவராக உள்ளார். குறைந்தது 7 டெஸ்ட் அல்லது 30 முதல்தர ஆட்டங்கள், அல்லது 10 ஒருநாள் மற்றும் 20 முதல்தர ஆட்டங்களில் விளையாடி, ஓய்வு பெற்று 5 ஆண்டுகள் ஆனவரே இக்குழுவில் இடம்பெற முடியும். கேப்டனும் பயிற்சியாளரும் கருத்துத் தெரிவிக்கலாம்; வாக்குரிமை கிடையாது. ஆனால் களமிறங்கும் 11 பேரை முடிவு செய்வது கேப்டனும் பயிற்சியாளரும்.

2024 டி20 உலகக் கோப்பையை வென்ற அணியில் சஞ்சு இருந்தார். ஓர் ஆட்டத்திலும் களமிறங்கவில்லை. தேர்வாளர்கள் அளித்த இடத்தை அணி நிர்வாகம் பயன்படுத்தவில்லை. (1983 உலகக் கோப்பை அணியில் இருந்தும் ஓர் ஆட்டத்திலும் விளையாடாத சுனில் வால்சன், 2007 மற்றும் 2011 அணிகளில் இருந்த ஸ்ரீசாந்த் ஆகியோரைச் சேர்த்து, 'அணியில் ஒரு மலையாளி இருந்தால் கோப்பை நிச்சயம்' என்று கேரளத்தில் வேடிக்கையாகச் சொல்வது உண்டு.)

மாநில சங்கத்துடன் மோதல்

மூன்றாவதாக ஒரு தரப்பும் உண்டு. 2024-25 விஜய் ஹசாரே கோப்பைக்கான கேரள அணியில் சஞ்சு சேர்க்கப்படவில்லை. பயிற்சி முகாமில் அவர் பங்கேற்காததே காரணம் என கேரள கிரிக்கெட் சங்கம் தெரிவித்தது. இதையடுத்து சாம்பியன்ஸ் டிராபி அணியில் அவருக்கு இடம் கிடைக்காதபோது, திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூர் மாநில சங்கத்தை வெளிப்படையாகச் சாடினார். சஞ்சுவுக்கு ஆதரவாகப் பேசிய முன்னாள் வீரர் ஸ்ரீசாந்தை 2025 மே மாதம் சங்கம் 3 ஆண்டுகள் இடைநீக்கம் செய்தது. இதனால், தேசியத் தேர்வாளர்கள் மீதான கோபத்தில் ஒரு பகுதி உள்ளூர்ச் சங்கத்தின் பக்கம் திரும்பியது.

இந்தக் கொந்தளிப்புக்கு நடுவே, சஞ்சு இல்லாமலேயே சச்சின் பேபி தலைமையிலான கேரள அணி 2025 பிப்ரவரியில் முதல்முறையாக ரஞ்சி கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன்னேறியது. ஒரே வீரரைச் சுற்றிய விவாதத்தில் இந்தச் சாதனை போதிய கவனம் பெறாமல் போனது.

தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல

முதல்தர கிரிக்கெட்டில் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரன்கள் குவித்த எஸ்.பத்ரிநாத்துக்கு இந்தியாவுக்காகக் கிடைத்தவை 2 டெஸ்ட், 7 ஒருநாள், ஒரு டி20 ஆட்டம் மட்டுமே. தோனிக்கு முன்பே 2004-இல் இந்திய அணியில் அறிமுகமான தினேஷ் கார்த்திக், பின்னர் தோனியின் நிழலிலேயே காத்திருக்க நேர்ந்தது. 2021 இங்கிலாந்து பயணத்தில் நடந்த 4 டெஸ்ட் ஆட்டங்களிலும் ஆர்.அஸ்வின் வெளியே அமர்த்தப்பட்டபோது சமூக ஊடகங்களில் எழுந்த குரல்கள் கிழக்கேகோட்டையில் இன்று கேட்பவற்றில் இருந்து அதிகம் வேறுபட்டவை அல்ல.

இப்போது சஞ்சு விவகாரத்தில் தமிழ்நாட்டுக்கும் பங்கு வந்துவிட்டது. 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜா, சாம் கரன் ஆகியோரை ராஜஸ்தானுக்கு விட்டுக்கொடுத்து சஞ்சுவை சென்னை சூப்பர் கிங்ஸ் பெற்றுள்ளது.

தற்போதைய நிலை

2025 ஆசிய கோப்பையில் ஷுப்மன் கில் துணை கேப்டனாகத் திரும்பியதால், மூன்று சதங்கள் தந்த தொடக்க இடத்தை இழந்து சஞ்சு நடுவரிசைக்கு மாற்றப்பட்டார். பாகிஸ்தானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 24 ரன்கள் எடுத்தாலும், ஆஸ்திரேலிய பயணத்தின் நடுவே ஜிதேஷ் சர்மாவிடம் கீப்பர் இடத்தையும் இழந்தார். 2025-இல் விளையாடிய 15 டி20 ஆட்டங்களில் ஓர் அரைசதம்கூட அடிக்காத கில்லுக்காக சஞ்சு ஒதுக்கப்பட்டது ஏன் என்ற கேள்வி, கேரளத்துக்கு வெளியிலும் எழுந்தது.

டிசம்பர் 20-இல் அறிவிக்கப்பட்ட உலகக் கோப்பை அணியில் கில், ஜிதேஷ் இருவருமே நீக்கப்பட்டனர். தொடக்க வரிசையில் ஆடக்கூடிய விக்கெட் கீப்பர் தேவை என்பதே தேர்வுக் குழு கூறிய விளக்கத்தின் சாரம். அதன்படி சஞ்சுவுடன் இஷான் கிஷனும் இடம்பிடித்தார். இரு நாள்களுக்கு முன்புதான் சையது முஷ்டாக் அலி கோப்பை இறுதி ஆட்டத்தில் கிஷன் 49 பந்துகளில் 101 ரன்கள் குவித்து ஜார்க்கண்டுக்குப் பட்டம் பெற்றுத் தந்திருந்தார்.

எனவே கிழக்கேகோட்டையில் கில் பற்றிய பேச்சு ஓய்ந்து, கிஷன் பற்றிய பேச்சு தொடங்கியுள்ளது. நியூசிலாந்து தொடர் ஜனவரி 21-இல் நாகபுரியில் தொடங்குகிறது. ராய்ப்பூர், குவாஹாட்டி, விசாகப்பட்டினம் ஆட்டங்களுக்குப் பிறகே அணி திருவனந்தபுரம் வரும். முதல் நான்கு ஆட்டங்களில் இருவரில் யார் ரன் குவிக்கிறார் என்பதைப் பொறுத்தே காரியவட்டத்தில் களமிறங்கும் 11 பேர் பட்டியல் அமையும். உலகக் கோப்பை பிப்ரவரி 7-இல் தொடங்குகிறது.