எட்டாம் எண்ணின் நிலம்: சிலேசியப் படைமாவட்டத்தின் கதை

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் ஒலிவியே மெசியானின் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்தார். பிரெஞ்சு இசையமைப்பாளரான மெசியான், ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தபோது இயற்றிய 'காலத்தின் முடிவுக்கான நால்வரிசை' அது. 1941 ஜனவரி 15 அன்று, கடுங்குளிரில், முகாமின் கொட்டகை ஒன்றில் சக கைதிகள் முன்னிலையில் முதன்முதலாக இசைக்கப்பட்டது. மேலை இசையில் எனக்குப் பயிற்சி இல்லை. ஆகவே இசையைவிட உறையிலிருந்த குறிப்பே என்னைப் பிடித்துக்கொண்டது. முகாமின் பெயர் 'ஸ்டாலாக் எட்டு-ஏ' என்றிருந்தது. அதென்ன எட்டு?

தேடிப் பார்த்தபோது விடை எளிதாகவே கிடைத்தது. ஹிட்லரின் ஜெர்மனி, படைக்கு ஆள் சேர்க்கவும் பயிற்சியளிக்கவும் நாட்டைப் பல படைமாவட்டங்களாகப் பிரித்து எண்ணிட்டிருந்தது. போர்க்கைதி முகாம்கள் தாம் அமைந்த மாவட்டத்தின் எண்ணையே பெயராகப் பெற்றன. எட்டாம் மாவட்டம் சிலேசியா. அதன் தலைமையகம் பிரெஸ்லாவ் நகரம். மெசியான் இருந்த கோர்லிட்ஸ் முகாம் 'ஏ', லாம்ஸ்டோர்ஃப் முகாம் 'பி', சாகான் முகாம் 'சி'. நான்காண்டுகள் கழித்து இந்த நிலம் ஏறத்தாழ முழுவதும் போலந்தின் கைக்கு வந்தது. பிரெஸ்லாவ் வ்ரோத்ஸ்வாஃப் ஆயிற்று. லாம்ஸ்டோர்ஃப் வாம்பினோவீத்ஸே ஆயிற்று. சாகான் ஜாகான் ஆயிற்று. கோர்லிட்ஸ் நகரம் ஆற்றின் இருபுறமும் இரண்டாக வெட்டப்பட, முகாம் இருந்த கீழைப்பகுதி ஸ்கோஜெலெத்ஸ் என்னும் போலந்து ஊராயிற்று. ஜெர்மானியப் படைமாவட்டம் இருந்த இடத்தில் போலந்துப் படைமாவட்டம் ஒன்று எழுந்தது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மாவட்டம் என்றதும் ஆட்சியர் அலுவலகமும் வருவாய்க் கோட்டமும் நம் நினைவுக்கு வருகின்றன. படைமாவட்டம் அத்தகையதன்று. குடிமக்களை அது ஆள்வதில்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளைக் கணக்கெடுத்து வைத்திருக்கும். எந்த ஊரில் எத்தனை இளைஞர், எங்கே கிடங்கு, எந்தப் பாலம் எவ்வளவு எடை தாங்கும், எத்தனை மருத்துவமனைப் படுக்கைகள் என்பவையெல்லாம் அதன் ஏடுகளில் இருக்கும். அமைதிக் காலத்தில் அது ஒரு பெரிய எழுத்தர் கூடம். போர் வந்தால் அதே கூடம் களப்படையாக உருமாறும். இந்த இரட்டை இயல்பைப் பிடித்துக்கொண்டால்தான் பின்னால் வருபவை விளங்கும்.

முதல் உலகப்போருக்குப் பின் மீண்டும் பிறந்த போலந்து, 1921இல் நாட்டைப் பத்துப் படைமாவட்டங்களாக வகுத்தது. வார்சா, லுப்லின், குரோத்னோ, வூச், கிராக்குவ், லுவூஃப், போஸ்னான், தோருன், பிரெஸ்ட், ப்ஷெமிஷ்ல் என்பன அவற்றின் தலைமையிடங்கள். 1945க்குப் பின் இந்தப் பத்தில் மூன்று போலந்திலேயே இல்லை. குரோத்னோவும் பிரெஸ்டும் இன்று பெலாரூஸில்; லுவூஃப் உக்ரைனில். ஸ்டாலின் கிழக்கில் எடுத்துக்கொண்டார். ஈடாக மேற்கில் ஜெர்மனியின் நிலத்தைக் கொடுத்தார். ஒரு தேசத்தையே வீட்டுச் சாமான்போல நகர்த்தி வைத்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

பிரெஸ்லாவ் போலந்திடம் வந்தபோது அது நகரமாக இல்லை. ஹிட்லர் அதைக் கோட்டையாக அறிவித்திருந்தார். ஏறத்தாழ மூன்று மாத முற்றுகைக்குப் பின் 1945 மே 6 அன்று, பெர்லின் வீழ்ந்து நான்கு நாள் கழித்து, அது சரணடைந்தது. இடிபாடுகளுக்கிடையே வந்து குடியேறியவர்களில் பலர் கிழக்கில் வீடிழந்து வந்த போலந்தியர். லுவூஃபின் புகழ்பெற்ற ஒசொலினேயும் நூலகத்தின் ஒரு பகுதியும் அவர்களுடன் வந்தது. போலந்தின் தேசிய காவியமான 'பான் ததேயுஷ்' நூலின் கையெழுத்துப்படி இன்றும் வ்ரோத்ஸ்வாஃபில்தான் இருக்கிறது. அவ்வாறே வந்து சேர்ந்த மற்றொன்று, ரத்ஸ்வாவீத்ஸே போரைச் சித்திரிக்கும் மாபெரும் வட்ட ஓவியம். 1794இல் நடந்த அப்போரில் போலந்தியர் தோற்கடித்தது ரஷ்யரை. அந்த ஒரு காரணத்தால் ஓவியம் சுருட்டிய நிலையிலேயே கிடந்து, 1985இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. நட்பு நாட்டின் மனம் நோகக் கூடாதல்லவா!

1945இல் அமைந்த ஏழு படைமாவட்டங்களில் நான்காவது சிலேசியா. முதலில் கத்தோவீத்ஸேயிலும் பின்னர் வ்ரோத்ஸ்வாஃபிலும் அதன் தலைமையகம் இருந்தது. தொடக்க ஆண்டுகளில் தளபதியாக இருந்தவர் ஸ்தானிஸ்வாஃப் போப்வாஃப்ஸ்கி. உக்ரைனில் ஒரு போலந்துக் குடும்பத்தில் பிறந்து, சோவியத் படையில் வளர்ந்து, போலந்துச் சீருடைக்குள் அனுப்பப்பட்டவர். அக்காலப் போலந்துப் படையின் உயர்பதவிகளில் இத்தகையோரே நிரம்பியிருந்தனர்.

புதிய மேற்கு நிலத்தில் படை செய்த முதல் வேலையைப் போலந்து நெடுங்காலம் பேசவில்லை. 1945 ஜூனில், வல்லரசுகள் பொட்ஸ்டாமில் கூடி எல்லையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னரே, ஓடர்–நைசே ஆறுகளை ஒட்டிய ஊர்களிலிருந்து ஜெர்மானியரைப் படைவீரர்கள் வெளியேற்றினர். கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய மூட்டைகளோடு இலட்சக்கணக்கானோர் ஆற்றைக் கடந்தனர். காலிசெய்யப்பட்ட எல்லையோரப் பகுதிகளில், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் வீடும் வயலும் கொடுக்கப்பட்டன. வெளியேறியவர்கள் பெரும்பாலும் பெண்களும் முதியவரும் குழந்தைகளும். நாஜிகள் போலந்தில் செய்த கொடுமைகள் எல்லையற்றவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அக்கொடுமைகளுக்கான விலையைக் கொடுத்தவர் யார் என்ற கேள்வி இருந்துகொண்டேதான் இருக்கிறது.

சிலேசியாவில் இன்னொரு படையும் இருந்தது. வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து அதிகத் தொலைவில்லாத லெக்நீத்ஸா நகரில்தான் போலந்திலிருந்த சோவியத் படைத்தொகுதியின் தலைமையகம். நகரின் ஒரு பகுதியை மதிலெழுப்பித் தனியே பிரித்து வைத்திருந்தார்கள். மக்கள் அதைச் 'சின்ன மாஸ்கோ' என்றனர். போலந்தின் படைமாவட்டம் என்று பெயர். அதன் நடுவே போலந்தியர் நுழைய முடியாத தெருக்கள்.

1950களின் தொடக்கத்தில் ஏழு மாவட்டங்கள் மூன்றாகச் சுருங்கின: வார்சா, பொமரேனியா, சிலேசியா. தென்மேற்குப் போலந்தின் கவசப் படைகள் சிலேசியாவின்கீழ் குவிந்தன. 1956 ஜூனில் போஸ்னான் தொழிலாளர்கள் ரொட்டியும் உரிமையும் கேட்டு வீதிக்கு வந்தபோது, தாங்கிகளுடன் நகருக்குள் நுழைந்த படைகளுக்குத் தலைமை தாங்கியவர் அதே போப்வாஃப்ஸ்கி. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆண்டு முடிவதற்குள் அரசியல் காற்று மாறியது. அவர் சோவியத் ஒன்றியத்துக்கே திரும்பிப் போனார்.

இனி 1968. இந்த மாவட்டத்தின் வரலாற்றில் நான் அதிகம் நின்று படித்த ஆண்டு இதுவே.

வார்சா ஒப்பந்தத்தின் திட்டப்படி, போர் மூண்டால் பொமரேனிய மாவட்டம் 1ஆம் படையாகவும் சிலேசிய மாவட்டம் 2ஆம் படையாகவும் மாற வேண்டும். இரண்டும் மேற்கு நோக்கிச் செல்ல வேண்டும். அப்படித்தான் பயின்றார்கள். ஆனால் அந்தப் பொறி உண்மையில் முடுக்கிவிடப்பட்டபோது, தாங்கிகள் தெற்கே திரும்பின. பிராகில் துப்செக் 'மனித முகம் கொண்ட சோஷலிசம்' பேசிக்கொண்டிருந்தார். ஆகஸ்டு 20 நள்ளிரவில் சோவியத், போலந்து, ஹங்கேரி, பல்கேரியப் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. கிழக்கு ஜெர்மனியின் படைப்பிரிவுகள் எல்லையிலேயே நிறுத்தப்பட்டன. முப்பதாண்டுகளுக்குமுன் ஹிட்லரின் படை வந்த வழியில் மீண்டும் ஜெர்மானியச் சீருடையைக் காட்ட மாஸ்கோவுக்கே துணிவில்லை.

போலந்துக்கு அத்தகைய கூச்சம் இல்லை, இருந்திருக்க வேண்டும். 1938 அக்டோபரில், மியூனிக் உடன்படிக்கையால் செக்கோஸ்லோவாக்கியா நிலைகுலைந்து கிடந்தபோது, ஜெனரல் போர்த்நோவ்ஸ்கியின் தலைமையில் போலந்துப் படை டெஷென் பகுதியைக் கைப்பற்றிக்கொண்டது. அப்படைத்தொகுதியின் பெயரும் 'சிலேசியா'தான். மறு ஆண்டு போலந்தே ஹிட்லருக்கு இரையானதால் உலகம் இதை மறந்தது. செக்கர்கள் மறக்கவில்லை.

1968இல் சென்ற 2ஆம் படையின் தளபதி, சிலேசிய மாவட்டத் தளபதி ஃப்ளோரியான் சிவீத்ஸ்கி. ஏறத்தாழ 25,000 வீரர்கள். ஜாகானின் 11ஆம் கவசப் பிரிவும் ஒப்போலேயின் 10ஆம் கவசப் பிரிவும் முன்னணியில் இருந்தன. வடக்கு பொஹீமியா அவர்கள் பொறுப்பு. எதிர்ப்பு இராணுவ வடிவில் வரவில்லை. மக்கள் வழிகாட்டிப் பலகைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். தாங்கிகளின்மேல் ஏறி நின்று, 'ஏன் வந்தீர்கள்?' என்று கேட்டார்கள். செக் மொழியும் போலந்து மொழியும் நெருங்கிய உறவுடையவை. கேள்வி புரியவில்லை என்று அந்த இளைஞர்கள் சொல்லியிருக்க முடியாது.

போலந்துத் தொலைக்காட்சியில் அவ்வாண்டுகளில் மிகவும் விரும்பிப் பார்க்கப்பட்ட தொடர், ஒரு தாங்கியையும் அதன் நான்கு வீரர்களையும் ஒரு நாயையும் பற்றியது. 1966இல் தொடங்கியது. போர்க்காட்சிகள் சில ஜாகான் பயிற்சித்திடலிலேயே படமாக்கப்பட்டவை. குழந்தைகள் அந்தத் தாங்கியின் எண்ணை மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே திடலிலிருந்து கிளம்பிய தாங்கிகள்தான் இப்போது அயல்நாட்டுத் தெருக்களில் நின்றன.

செப்டம்பர் 7 அன்று யிச்சீன் என்னும் ஊரில், குடிபோதையிலிருந்த போலந்துப் படைவீரன் ஒருவன் தெருவில் சுட்டான். செக் குடிமக்கள் இருவர் இறந்தனர். மேலும் சிலர் காயமடைந்தனர். மறுநாள், செப்டம்பர் 8 அன்று, வார்சாவின் பத்தாமாண்டு விளையாட்டரங்கில் அறுவடைத் திருவிழா. கட்சித் தலைவர் கொமுல்கா மேடையில் இருந்தார். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கூடியிருந்தனர். ப்ஷெமிஷ்ல் நகரத்திலிருந்து வந்த கணக்கர் ரிஷார்ட் ஷிவியெத்ஸ், படையெடுப்பைக் கண்டித்துக் கூவியபடி தம்மேல் தீ வைத்துக்கொண்டார். நான்கு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். ஆட்டமும் பாட்டும் நிற்கவில்லை. யிச்சீன் செய்தி அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பல நாள் முன்பே முடிவு செய்து வந்தவர் அவர். ஆயினும் இரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கையில் ஒன்றுக்கு மற்றது மறுமொழி போலவே எனக்குப் படுகிறது. பிராகில் யான் பலாக் தீக்குளித்தது இதற்கு நான்கு மாதங்களுக்குப் பின், 1969 ஜனவரியில். பலாக்கை உலகம் அறியும். ஷிவியெத்ஸைப் போலந்தே பரவலாக அறிந்தது, 1991இல் மாச்சேய் திரிகாஸ் எடுத்த ஆவணப்படத்துக்குப் பிறகுதான்.

நவம்பரில் 2ஆம் படை திரும்பியது. மீண்டும் மாவட்டமாக மாறியது. சிவீத்ஸ்கிக்கு ஏற்றம்தான். 1983இல் அவர் பாதுகாப்பு அமைச்சரானார். 1968இல் அப்பதவியிலிருந்த யாருசெல்ஸ்கி, முதிய வயதில், 2005இல், செக் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

1981 டிசம்பர் 13 அன்று அதே யாருசெல்ஸ்கி இராணுவச் சட்டத்தை அறிவித்தபோது படை சொந்த மக்களுக்கு எதிராகத் திரும்பியது. டிசம்பர் 16 அன்று கத்தோவீத்ஸேயின் வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தின் மதிலைத் தாங்கி உடைத்தது. காவல் படையினர் சுட்டனர். ஒன்பது சுரங்கத் தொழிலாளர் உயிரிழந்தனர். வ்ரோத்ஸ்வாஃபோ எதிர்ப்பிலும் தனிவழி கண்டது. சுவர்களில் எழுதப்பட்ட முழக்கங்களை அரசு வண்ணம் பூசி மறைக்க, அந்தப் பூச்சின்மேல் 'ஆரஞ்சு மாற்று' என்ற குழுவினர் சிரிக்கும் குள்ளர்களை வரைந்தார்கள். ஒரு குள்ளனை வரைந்ததற்காக ஒருவரைக் கைது செய்வது எந்த ஆட்சிக்கும் சங்கடம்தானே.

ஆட்சி மாறியபின் மாவட்டத்தின் கதையை விரைவாகவே சொல்லிவிடலாம். 1993க்குள் ரஷ்யப் படைகள் முற்றிலும் வெளியேறின. 1997 ஜூலையில் ஓடர் ஆறு பெருக்கெடுத்து வ்ரோத்ஸ்வாஃபின் பெரும்பகுதியை மூழ்கடித்தபோது, மணல்மூட்டை அடுக்கவும் மக்களை மீட்கவும் படைவீரர்கள் வந்தார்கள். இந்த மாவட்டத்தின் நெடுங்கதையில் மனம் லேசாகிப் படித்த பக்கம் அது ஒன்றே. 1999இல் போலந்து நேட்டோவில் சேர்ந்தது. அவ்வாண்டிலிருந்து பொமரேனியா, சிலேசியா என இரண்டு மாவட்டங்களே எஞ்சின. கட்டாயப் படைச்சேவை நிறுத்தப்பட்டபின் இளைஞர்களைக் கணக்கெடுக்கும் கூடத்துக்கு வேலை குறைந்தது. 2011 டிசம்பர் 31 அன்று இரண்டும் கலைக்கப்பட்டன. அறுபத்தாறு ஆண்டு வாழ்வு, ஓர் அலுவலக ஆணையில் முடிந்தது.

மாவட்டம் போனாலும் திடல்கள் போகவில்லை. ஜாகானுக்கு அருகில் ஷ்வியென்தோஷுஃப் என்றோர் ஊர் உண்டு. ஜெர்மானியர் காலத்தில் அதன் பெயர் நொய்ஹாமர், அவர்களுடைய பயிற்சித்திடல். பிறகு சோவியத் படையின் தளம். அவர்கள் போனபின் போலந்தின் 10ஆம் கவசக் குதிரைப்படைப் பிரிகேடு அங்கே அமர்ந்தது. 2002இல் ஜெர்மனி தன் லெப்பர்டு தாங்கிகள் 128ஐப் போலந்துக்குக் கொடுக்க, ஜெர்மானியத் தாங்கிகள் மீண்டும் அத்திடலுக்கு வந்தன. இம்முறை போலந்துக் கொடியுடன். 2017 ஜனவரியில் அமெரிக்கக் கவசப் படையினர் ஜாகானில் வந்திறங்கினார்கள். 2023 பிப்ரவரியில், ரஷ்யாவின் படையெடுப்பை எதிர்த்துப் போரிடும் உக்ரைன் வீரர்கள் ஷ்வியென்தோஷுஃபுக்கு வந்து, அந்த லெப்பர்டுகளை ஓட்டக் கற்றுக்கொண்டு போர்முனைக்குத் திரும்பினார்கள்.